எதற்குப் பொறுப்பது, எதற்குப் பொறுக்கக் கூடாது: பழமொழிகளோடு கழிந்த இரண்டு ஆண்டுகள்

அப்பா பக்கவாதத்தில் விழுந்த ஆண்டிலேயே, நான் நடத்தி வந்த சிறிய பக்க வடிவமைப்புத் தொழிலும் நொடித்துப் போனது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், ஒருபுறம் நோயாளியையும் மறுபுறம் கடனையும் தனியாகச் சுமந்த அந்தக் காலத்தில் எனக்கு மிகுதியாகக் கிடைத்தவை அறிவுரைகள்தாம். தொலைபேசியில் பேசிய ஒவ்வொருவரும் ஒரு பழமொழியையோ ஒரு குறளையோ சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார்கள். "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்றார்கள். "இதுவும் கடந்து போகும்" என்று செய்தி அனுப்பினார்கள். அவற்றில் சில என்னைத் தாங்கிப் பிடித்தன. சில, இன்றும் ஈடுகட்ட முடியாத இழப்பைக் கொண்டுவந்தன. எந்தச் சொல் எந்த நேரத்துக்கு உரியது என்பதை அப்போது யாராவது பிரித்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரவைச் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு முடித்த பின் அப்பா தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார். விரல்கள் அதைச் சுற்றி மூடவில்லை. டம்ளர் நழுவி விழுந்தது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. உதட்டின் வலது ஓரம் சற்றே தொங்கியிருந்தது. வலி என்று எதுவும் இல்லை. அதனாலேயே பெரிதாக ஒன்றும் இருக்காது என்று எல்லோருக்கும் தோன்றியது. பெரியப்பாவை அழைத்தேன். "பதறாதேம்மா, பதறாத காரியம் சிதறாது. களைப்பாக இருக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், காலையில் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்றார். அன்பினால் சொன்ன சொல். வேறு எந்தச் சூழ்நிலைக்கும் பொருந்தக்கூடிய சொல். விடிந்தபோது அப்பாவின் வலது கையும் காலும் அசையவில்லை.

மருத்துவமனையில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயை உறைந்த ரத்தக் கட்டி ஒன்று அடைப்பதால் வரும் பக்கவாதத்தில், அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன்பாக ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். எங்களுக்கு உரிய அந்த நேரம், நாங்கள் பதறாமல் காத்திருந்த இரவிலேயே கழிந்துவிட்டது. அன்று எனக்கு வந்த கோபத்தை யார் மீது காட்டுவது என்று தெரியவில்லை. பல நாட்கள் அது என் தொண்டையிலேயே நின்றது.

ஆகவே, இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த நேரத்துக்குப் பொறுமையைப் பற்றிய எந்தப் பழமொழியும் உரியதாகாது. மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன் தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள். சில நிமிடங்களில் எல்லாம் தாமாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அது அடுத்து வரக்கூடிய பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். "எய்தற் கரியது இயைந்தக்கால் அந்நிலையே செய்தற் கரிய செயல்" என்று காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். கிடைத்தற்கரிய வாய்ப்பு வாய்த்தால் அப்போதே செய்துவிட வேண்டும் என்ற அந்தக் குறளைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தபோது, வாய்ப்பு என்றால் பெரும் செல்வமோ பதவியோ என்று எண்ணியிருந்தேன். நாலரை மணி நேரமும் ஒரு வாய்ப்புதான்.

அப்பா படுக்கையில் இருந்த முதல் வாரங்களில், மருத்துவமனை வராந்தாவில் இரவு நேரங்களில் என்னோடு இருந்தது ஒரு திருக்குறள் கைப்பிரதி மட்டுமே. வினைசெயல்வகை அதிகாரத்தில் ஒரு குறள் என்னை நிறுத்தியது. "தூங்குக தூங்கிச் செயற்பால, தூங்கற்க தூங்காது செய்யும் வினை." காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்திச் செய்க, தாழ்த்தாமல் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்தாதே என்பது பொருள். எனக்கு அதுவரை கிடைத்திருந்த அறிவுரைகள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதற்கான காரணம் அதில் தெரிந்தது. "பொறு" என்பதும் உண்மை, "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பதும் உண்மை. எந்த வேலைக்கு எது என்று பார்க்கும் பொறுப்பை மட்டும் பழமொழி நம்மிடம் விட்டுவிடுகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு கிழித்து, தள்ளிப்போட்டால் வளரும் துன்பங்களை இடப்பக்கமும், தள்ளிப்போட்டாலும் அப்படியே இருக்கும் துன்பங்களை வலப்பக்கமும் எழுதினேன். கடன், வாடகை பாக்கி, படுக்கைப் புண், மருத்துவக் காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் ஆகியவை இடப்பக்கம் போயின. உறவினர்களின் மனத்தாங்கல், பாதியில் நின்ற என் படிப்பு, வீட்டைச் சீரமைக்கும் வேலை ஆகியவை வலப்பக்கம். அப்பா மீண்டும் நடப்பது என்பதை எந்தப் பக்கம் எழுதுவது என்று அன்று தெரியவில்லை. அதை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எழுதிவைத்தேன். அதே அதிகாரத்தில், வினை, பகை ஆகிய இரண்டின் எச்சமும் தீயின் எச்சம் போலச் சுடும் என்று இன்னொரு குறள் உண்டு. கடனின் எச்சத்தையும் அந்த வரிசையில் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

இனிப் பணத்தின் கதை. எனக்கு வேலை கொடுத்து வந்த ஒரு பெரிய வாடிக்கையாளர், முடித்துக் கொடுத்த வேலைகளுக்குப் பணம் தராமல் இழுத்தடிக்கத் தொடங்கியிருந்தார். பாக்கி, என் ஓராண்டு வருமானத்துக்கு நிகரான தொகை. என்னுடன் வேலை செய்த இருவருக்குச் சம்பளம் கொடுக்க நான் கடன் வாங்கியிருந்தேன். நலம் விரும்பிகள் அனைவரும் ஒரே குரலில், நெருக்கினால் உறவு முறியும், கொக்கைப் போலக் காத்திரு என்றார்கள். மாதங்கள் போயின. அவர் எடுத்த அழைப்புகள் குறைந்தன, வட்டி மட்டும் தவறாமல் ஏறியது. கூட்டு வட்டியில் கடன் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 72 என்ற எண்ணை வட்டி விழுக்காட்டால் வகுத்துப் பாருங்கள். 24 விழுக்காடு என்றால் ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள். கடன் அறிக்கையில் அசல் என்ற கட்டத்தில் இருந்த எண், நான் மாதாமாதம் கட்டிய பின்னும் கொஞ்சமும் குறையாமல் இருந்ததைப் பார்த்த அன்றுதான், காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதும், அதைக் காத்திருக்கச் சொன்னவர்கள் கட்டப்போவதில்லை என்பதும் உறைத்தன.

கொக்கைப் பற்றிய குறளை முழுவதுமாகப் படித்தேன். "கொக்கொக்க கூம்பும் பருவத்து, மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து." ஒடுங்கி இருக்க வேண்டிய பருவத்தில் கொக்கைப் போல ஒடுங்கியிரு, வாய்த்த இடத்தில் அதன் குத்தைப் போலத் தவறாமல் செய்து முடி என்பது குறள். எனக்குச் சொல்லப்பட்டது முதல் பாதி மட்டும், குத்து விடுபட்டிருந்தது. இப்படி விடுபடுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறுதல் சொல்பவருக்கு முதல் பாதி எளிது; இரண்டாம் பாதியைச் சொன்னால், அடுத்து என்ன செய்யலாம் என்று கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். "முயற்சி திருவினை ஆக்கும்" என்பதை அறியாத தமிழர் இல்லை. "முயற்றின்மை இன்மை புகுத்தி விடும்" என்ற அதன் மறுபாதி, வறுமை எந்த வாசல் வழியாக வருகிறது என்று சொல்லும் பகுதி, அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

இந்தக் கட்டத்தில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். காத்திருக்க முடிவு செய்தால், எந்தத் தேதி வரை என்பதையும் அந்தத் தேதி கடந்தால் என்ன செய்வேன் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்; தேதி இல்லாத பொறுமை மற்றவர்களுக்கு வசதியாக மட்டுமே முடியும். வர வேண்டிய பணத்தை வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு அவர் எழுதும் ஒரு வரி பின்னால் பெரிதும் பயன்படும். பணம் வசூலிக்கும் வழக்குகளுக்குச் சட்டம் காலவரையறை வைத்திருக்கிறது. அது எவ்வளவு என்று உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள், ஏனெனில் நம் பொறுமை அந்த வரையறையைக் கடந்துவிட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லை. கடன் கொடுத்தவரிடம் தவணை தவறிய பிறகு போகாதீர்கள், தவறப்போகிறது என்று தெரிந்தவுடன் போங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி நான் கேட்டபோது, முன்கூட்டியே வந்ததால்தான் அதைப் பற்றிப் பேசவே முடிகிறது என்றார்கள்.

தொழிலை மூடுவது எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. விடாமுயற்சியைப் போற்றும் சொற்கள் நம்மிடம் ஏராளம். நிறுத்திக்கொள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்ற சொல்லை நம்பி, வரவே வராத வேலைகளுக்காகக் கருவிகளையும் இடத்தையும் பல மாதங்கள் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வகையில் கரைந்தது, மீதமிருந்த சேமிப்பில் பெரும்பகுதி. வின்ஸ்டன் சர்ச்சில் 1941 அக்டோபர் 29 அன்று ஹாரோ பள்ளி மாணவர்களிடையே பேசியபோது சொன்ன "ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள்" என்ற வாக்கியம் உலகம் முழுவதும் சுவர்களில் தொங்குகிறது. ஆனால் அவர் அந்த வாக்கியத்தை அங்கே முடிக்கவில்லை. மானமும் நல்லறிவும் அவ்வாறு கோரினாலன்றி விட்டுக்கொடுக்காதீர்கள் என்ற பொருளில் ஒரு விலக்கையும் சேர்த்தே சொன்னார். வள்ளுவர் இன்னும் நேராகச் சொல்கிறார். மரக்கொம்பின் நுனிவரை ஏறியவர் அதையும் தாண்டி ஏற முனைந்தால் உயிருக்கே முடிவாகும் என்பது "நுனிக்கொம்பர் ஏறினார்" என்று தொடங்கும் குறளின் கருத்து. வரப்போகும் லாபத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையும் இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கமாட்டார்கள் என்கிறது "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை" என்ற குறள். ஊக்கத்தையும் முயற்சியையும் போற்றும் 60, 62ஆம் அதிகாரங்களுக்கு முன்னதாகவே தெரிந்து செயல்படுவது, வலிமை அறிவது, காலம் அறிவது, இடம் அறிவது ஆகியவற்றுக்கு 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்களை அவர் வைத்திருப்பது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. தொழிலை மூடிய அன்று அழுதேன். மறுநாள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். மூடலாமா என்று தவிப்பவர்களுக்கு ஒரு யோசனை: இதுவரை போட்ட பணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, "இன்றுதான் புதிதாகத் தொடங்குகிறேன் என்றால் இதில் இறங்குவேனா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

விடாமுயற்சி கூலி கொடுத்த இடமும் ஒன்று உண்டு, அது அப்பாவின் வலது கை. பக்கவாதத்துக்குப் பின் மீட்சி முதல் சில மாதங்களில் வேகமாகவும் அதன் பின் மெதுவாகவும் நடக்கும் என்றும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் மூளை அதைப் புதிய வழியில் கற்றுக்கொள்ளும் என்றும் இயன்முறை மருத்துவர் விளக்கினார். அப்பாவுக்குப் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தேன். பொத்தானைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஓட்டையின் விளிம்புவரை கொண்டுவருவார். அங்கே விரல்கள் நடுங்கும், பொத்தான் திரும்பிக்கொள்ளும், மறுபடியும் முதலிலிருந்து. வாரக்கணக்கில் எந்த மாற்றமும் தெரியாத காலம் வந்தது. அப்போது ஒரு உறவினர், "ஆகும் நாள் அன்றி எடுத்த கருமங்கள் ஆகா" என்று ஔவையார் பாடியிருக்கிறாரே, ஏன் அவரை வருத்துகிறாய் என்றார். மூதுரையின் அந்த வெண்பா "அடுத்து முயன்றாலும்" என்று தொடங்குகிறது; அடுத்தடுத்து முயன்றுகொண்டே இருப்பவனுக்குச் சொல்லப்பட்ட பாட்டு அது. பருவம் வராமல் மரம் பழுக்காது என்பது உண்மைதான், அதற்காகத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் நிறுத்துவதில்லை. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்ற குறளை அப்பாவே குழறிய நாக்கால் சொல்லிப் பழகினார். பேச்சுப் பயிற்சிக்கும் அது உதவியது. கூலி என்று வள்ளுவர் சொன்னதை நான் கவனித்தேன். உழைத்த அளவுக்குக் கிடைக்கும், அதற்கு மேல் உறுதி இல்லை. மேல் பொத்தான் ஒன்று ஓட்டைக்குள் நுழைந்த நாளில் அப்பா என்னைக் கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு, முன்னேற்றத்தை நாள்தோறும் அளக்காதீர்கள் என்று சொல்வேன். மாதத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில், அதே செயலைச் செய்யச் சொல்லிக் கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே தெரியாத வித்தியாசம் இரண்டு மாதக் காணொளிகளுக்கு இடையே தெரியும். மனம் சோரும் நாளில் பழமொழியை விட அந்தக் காணொளியே அதிகம் பேசும்.

ஆறுதல் சொல்லும் சொற்களைப் பற்றியும் மனம் திறந்து சொல்ல வேண்டும். "இடுக்கண் வருங்கால் நகுக" என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்தது. சில மாதங்கள் கழித்து, அப்பாவும் நானும் நள்ளிரவில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது எதற்கோ இருவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு வந்தது. அந்தக் குறள் துன்பப்படுகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல் என்று அப்போது புரிந்தது. "இதுவும் கடந்து போகும்" என்பதும் அப்படித்தான். கீழை நாட்டு அரசன் ஒருவனுக்கு அவனுடைய அறிஞர்கள் தந்த வாக்கியம் என்று ஆபிரகாம் லிங்கன் 1859இல் ஓர் உரையில் அதைச் சொன்னார். செருக்கு வந்த வேளையில் அது நம்மை அடக்குகிறது, துயரத்தின் ஆழத்தில் ஆறுதல் தருகிறது என்று பாராட்டிய பின், எனினும் அது முழு உண்மையாக இல்லாதிருக்கட்டும் என நம்புவோம் என்றும் சேர்த்தார். கடந்து போகாத சிலவும் உண்டு. அப்பாவின் வலது கால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதை ஒப்புக்கொண்ட பின்புதான் ஊன்றுகோலைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் எங்களால் மனம் ஒன்ற முடிந்தது. என்னை உண்மையில் தேற்றியது புறநானூற்றின் 194ஆம் பாட்டு. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு என்று தொடங்கி, இந்த உலகம் கொடியது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதன் இயல்பை உணர்ந்தவர்களே, இனியவற்றைக் காணுங்கள் என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். துன்பத்தைத் துன்பம் என்று முதலில் ஒப்புக்கொள்பவரின் ஆறுதலை மனம் ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே, துன்பத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து பொன்மொழியோடு போகாதீர்கள். என் தோழி ஒருத்தி வந்தாள். எந்த அறிவுரையும் சொல்லாமல், "வியாழக்கிழமை ராத்திரி நான் மாமா பக்கத்தில் இருக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்றாள். அதற்கு முன் நான் தூங்குவதையே குற்றமாக எண்ணிக்கொண்டிருந்தேன். "நெடுநீர் மறவி மடிதுயில்" என்று கெடுபவர்களின் நான்கு குணங்களில் தூக்கத்தையும் சேர்த்த குறளை என் மீதே ஏவிக்கொண்டிருந்தேன். அந்தக் குறள் சோம்பலைப் பற்றிய அதிகாரத்தில் இருக்கிறது. இரவெல்லாம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவருக்கு அது பொருந்தாது. கவனித்துக்கொள்பவர் சாய்ந்துவிட்டால் வீட்டில் இரண்டு நோயாளிகள். இடப்பக்கப் பட்டியலில், தள்ளிப்போட்டால் வளரும் துன்பங்களின் கீழே, என் தூக்கத்தையும் எழுதினேன். நீங்களும் முதல் வாரத்திலேயே யாராவது ஒருவரிடம் வாரத்தில் ஓர் இரவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மருந்துகள் எங்கே இருக்கின்றன, அவசரம் என்றால் யாரை அழைப்பது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் மறுப்பவர்கள் குறைவு.